ஏழு வயதில் முடுக்கி, பதினைந்தில் நிறுத்துகிறோம்

"பத்து வயசுக்கு அப்புறம் கொண்டுவந்து விட்டா நான் என்ன சார் பண்றது? ஏழு வயசுலயே வந்திருக்கணும்." சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ, எந்த விளையாட்டு அகாடமி வாசலில் போய் நின்றாலும் இந்த வாக்கியம், சொற்கள் கொஞ்சம் மாறி, காதில் விழும். கேட்கிற அப்பாவுக்குச் சுருக்கென்று தைக்கிறது. மூன்று வருடத்தைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று அன்றைக்கே இரண்டு பேட்ச்சுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். காலை ஐந்தரைக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று. சனிக்கிழமை ஃபிட்னெஸ். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், டோர்னமென்ட் இல்லாத ஞாயிறு மேட்ச் பிராக்டிஸ்.

இதற்குப் பின்னால் ஒரு முழு நம்பிக்கை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கியவன் முந்துவான். ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டவன் தேறுவான். அதிக நேரம் உழைத்தவன் ஜெயிப்பான். வலியும் சலிப்பும் அழுகையும் வழியில் வருகிற சில்லறைத் தொல்லைகள். உலகச் சாம்பியன்கள் உருவான விதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்கவில்லை. பிள்ளைகள் பாவம், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. எனக்குப் பதக்கம்தான் வேண்டும் என்கிறவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்கிலேயே இது தப்பு.

அகாடமி விளம்பரங்களில் தவறாமல் வந்துவிடுகிற பத்தாயிரம் மணி நேரக் கதையை முதலில் பார்க்கலாம். 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பெர்லினில் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரம் தனியே உட்கார்ந்து சாதகம் செய்திருந்தார்கள். 2008-இல் மால்கம் கிளாட்வெல் 'அவுட்லையர்ஸ்' புத்தகத்தில் அந்த எண்ணைப் பிடித்து ஒரு விதியாகவே ஆக்கிவிட்டார். அது வெறும் சராசரி, அந்தச் சிறந்த குழுவிலேயே பலர் அந்த எண்ணைத் தொடவில்லை என்று எரிக்சனே பிற்பாடு மறுத்து எழுதினார். மறுப்பு யாருக்கு வேண்டும்? இதைவிட வேடிக்கை, அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மதியத்தில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். நாம் மணிக்கணக்கை மட்டும் உருவிக்கொண்டு தூக்கத்தை பெர்லினிலேயே விட்டுவிட்டு வந்தோம். வயலின் வாசிப்பதில் முழங்கால் தேய்வதில்லை என்பதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. ஆர்னே குல்லிச், புரூக் மெக்னமாரா, டேவிட் ஹாம்ப்ரிக் ஆகிய மூவரும் அதுவரை வந்திருந்த 51 ஆய்வறிக்கைகளைத் திரட்டி 6,096 விளையாட்டு வீரர்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அதில் 772 பேர் உலகின் உச்சியைத் தொட்டவர்கள். உச்சியைத் தொட்டவர்களையும் தேசிய அளவோடு நின்றுபோனவர்களையும் ஒப்பிட்டபோது கிடைத்த விடை நம் அகாடமிக்காரர்களுக்குக் கசக்கும். உலகத் தரத்துக்குப் போனவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகளில் பயிற்சி பெற்றிருந்தார்கள். தங்கள் விளையாட்டுக்குத் தாமதமாக வந்தார்கள். அந்த விளையாட்டில் அவர்கள் செய்த மொத்தப் பயிற்சி குறைவு. தொடக்கத்தில் அவர்கள் முன்னேறிய வேகமும் குறைவு.

அதே ஆய்வு ஜூனியர் பிரிவில் ஜெயித்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது விடை அப்படியே தலைகீழாக இருந்தது. அங்கே சீக்கிரம் தொடங்கியவர்களும் ஒரே விளையாட்டில் அதிகம் பயிற்சி எடுத்தவர்களும்தான் முன்னால் நின்றார்கள். கோச்சுகள் பொய் சொல்வதில்லை, அவர்கள் பார்ப்பது உண்மைதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு வயதில் சேர்த்து முடுக்கினால் பதினொரு வயதில் கோப்பை வரும். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரி நிறையும். அந்தக் கோப்பை இருபத்தைந்து வயதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். உங்கள் ஊர் அகாடமியின் அலமாரியில் பத்து வருடம் முந்தைய குழுப் புகைப்படம் ஒன்று இருக்கும். அதில் மெடலோடு நிற்கும் பிள்ளைகள் இன்றைக்கு என்ன ஆடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பதினொரு, பன்னிரண்டு வயதில் ஜெயிப்பவர்களில் பலர் முன்னதாக வளர்ந்துவிட்டவர்கள், அவ்வளவுதான். ஒரே வகுப்பில் ஒரு பையனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் அவனுடைய தோளளவுக்குக்கூட வந்திருக்க மாட்டான். இருவரையும் வலைக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்துத் திறமையை அளக்கிறோம் என்கிறோம். வயதைக் குறைத்துக் காட்டி ஆடவைக்கிற தந்திரம் ஏன் பிழைத்திருக்கிறது? ஒரு வருட வளர்ச்சி எத்தனை ரன், எத்தனை விநாடி என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான். பதினாறு வயதுக்குட்பட்ட கிரிக்கெட்டில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் நிலைக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் வந்தது சும்மா இல்லை. மெதுவாக வளர்கிற பிள்ளை இந்த வயதில் தோற்று, "இவனுக்கு வராது" என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போகிறான். அவன் உயரும்போது அவனைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

உடம்புக்கு வருவோம். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. பெரியவர்களின் எலும்பைவிட அது மென்மையானது. வேகமாக உயரும் காலத்தில் எலும்பு முதலில் நீளும். தசையும் தசைநாணும் பிறகுதான் எட்டிப் பிடிக்கும். அந்த இடைவெளியில் தசைநாண், தான் ஒட்டியிருக்கும் எலும்பு முனையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை குதிகால் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அது இதுதான். பன்னிரண்டு வயதில் முழங்காலுக்குக் கீழே புடைத்து வலித்தாலும் இதுதான். மருத்துவர்கள் முன்னதை செவர்ஸ் என்பார்கள், பின்னதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். இரண்டுமே சுமையைக் குறைத்தால் அடங்கிவிடுகிற தொல்லைகள். நாம் குறைப்பதில்லை. ஸ்ப்ரே அடித்து, கேப் மாட்டி, மறுநாள் காலை ஐந்தரைக்கு இறக்கிவிடுகிறோம்.

வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு இதைவிடக் கொடுமை. கீழ்முதுகு எலும்பில் வரும் விரிசல் பதின்வயது வேகப்பந்து வீச்சாளர்களிடம் மிகச் சாதாரணம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல காலமாகவே வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்திருப்பது இதனால்தான். பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே விதித்த வரம்பு ஒரு ஸ்பெல்லுக்கு ஐந்து ஓவர், நாளுக்குப் பத்து. நம் ஊர் வலைப்பயிற்சியில் ஒரு நல்ல வேகப்பந்துப் பையன் கிடைத்துவிட்டால் மூத்த பேட்ஸ்மேன்கள் அத்தனை பேருக்கும் அவன்தான் போட வேண்டும். அதை யார் எண்ணுகிறார்கள்? பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் தன் முதல் டெஸ்ட்டை ஆடி ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார், ஆட்டநாயகனும் ஆனார். அடுத்த டெஸ்ட்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் முதுகு விடவில்லை. ஆஸ்திரேலிய வாரியத்தின் மருத்துவர்களும் பிசியோக்களும் சுற்றி நின்றதால் அவர் திரும்பி வந்தார். நம் மாவட்ட லீக்கில் பந்து போடும் பதினான்கு வயதுப் பையனைச் சுற்றி யார் நிற்கிறார்கள்?

மருத்துவர்கள் சொல்கிற அளவு ஒன்று இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. அமெரிக்காவில் நீரு ஜயந்தி என்ற விளையாட்டு மருத்துவரின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது: வாரத்துப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால், கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது. கோச் வைத்து ஆடும் நேரம், சும்மா ஆடும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனாலும் அப்படியே. இப்போது அந்த அப்பா பணம் கட்டிய அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். காலையில் ஒன்றரை மணி, மாலையில் இரண்டு மணி, ஐந்து நாளுக்குப் பதினேழரை. சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு மூன்று. மொத்தம் வாரத்துக்கு 22½ மணி நேரம், பத்து வயதுப் பிள்ளைக்கு. தெருவில் சும்மா ஆடும் நேரம் பூஜ்யம்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு மைதானம் என்றால் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். மாலைப் பேட்ச் முடிந்து, டியூஷன் முடிந்து, ஹோம்வொர்க் முடிந்து படுக்கப் பத்து மணி. ஆறே முக்கால் மணி நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி ஒன்றின் மாணவர்களை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயப்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 1.7 மடங்கு இருந்தது. அப்பா எழுப்புகிறார், அம்மா டிபன் பாக்ஸ் கட்டுகிறார், பிள்ளை காரின் பின் சீட்டில் ஷூவோடு தூங்குகிறது. எல்லாரும் தியாகம் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு மௌனம் உண்டு. கடும் பயிற்சியும் போதாத சாப்பாடும் சேர்ந்து மாதவிடாய் நின்றுபோவதை "அத்லெட்னா அப்படித்தான்" என்று சொல்கிற கோச்சுகளும், தொந்தரவு இல்லை என்று நிம்மதி அடைகிற வீடுகளும் இருக்கின்றன. அது உடல் தனக்கு எரிசக்தி போதவில்லை என்று கொடுக்கிற எச்சரிக்கை. கவனிக்காமல் விட்டால் எலும்பு வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

காயத்தையாவது எக்ஸ்ரேயில் காட்டலாம். மனம் சோர்ந்துபோவதைக் காட்ட முடியாது. ஆகவே அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். போட்டி நாள் காலையில் மட்டும் வயிற்று வலி வருகிறது. முன்பு தோற்றால் அழுத பிள்ளை இப்போது தோற்றுவிட்டுச் சிரிக்கிறது, அல்லது ஒன்றுமே நடக்காததுபோல் பையை எடுத்துக்கொண்டு வருகிறது. பயிற்சி கூடக்கூட ஆட்டம் இறங்குகிறது. இதற்கு வீட்டில் கிடைக்கும் மருந்து, "இன்னும் அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா போடு." எரிகிற அடுப்பில் பால் பொங்குகிறது என்று இன்னொரு விறகு வைக்கிற வைத்தியம் இது.

டென்னிஸ் உலகம் இந்தப் பாடத்தை ஊரறியப் படித்தது. ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-இல், பதினான்கு வயது நிறைவதற்குள் தொழில்முறை ஆட்டக்காரி ஆனார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். 1993-க்குப் பிறகு மைதானத்தைவிட்டே போய்விட்டார். பெண்கள் டென்னிஸ் சங்கம் விழித்துக்கொண்டு 1995 முதல், பதின்வயதினர் வருடத்தில் எத்தனை போட்டி ஆடலாம் என்று வயதுவாரியாகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. காப்ரியாட்டி பல வருடம் கழித்துத் திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் வென்றார். ஆஷ்லி பார்ட்டி 2014-இல், பதினெட்டு வயதில், போதும் என்று மட்டையை வைத்துவிட்டு பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடப் போனார். 2016-இல் டென்னிஸுக்குத் திரும்பினார். 2019-இல் பிரெஞ்சு ஓபன், 2021-இல் விம்பிள்டன், 2022-இல் ஆஸ்திரேலிய ஓபன். நம் வீடாக இருந்தால் அந்த இடைவெளியை "ரெண்டு வருஷம் வேஸ்ட்" என்றிருப்போம்.

உடனே வருகிற பதில் எனக்குத் தெரியும்: சச்சின்? பதினான்கு வயதில் ஐபிஎல்லில் 35 பந்தில் சதம் அடித்த வைபவ் சூர்யவன்ஷி? நாலாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான நம் குகேஷ்?

சச்சினிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய அண்ணன் அவரை ரமாகாந்த் ஆச்ரேக்கரிடம் அழைத்துச் சென்றது 1984-இல், அவருக்குப் பதினொரு வயதில். நம் அகாடமிக் கணக்கில் சச்சினே லேட். அதன் பிறகு ஆச்ரேக்கர் அவரை ஸ்கூட்டரில் ஏற்றி மைதானம் மைதானமாகக் கொண்டுபோய் ஆடவைத்தார் என்பது உண்மைதான்; அதற்கு முன் குடியிருப்பு வளாகத்தில் டென்னிஸ் பந்தில் ஆடிய காலத்துக்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை. சூர்யவன்ஷியும் குகேஷும் அபூர்வப் பிறவிகள். அபூர்வத்தை விதியாக்கி அட்டவணை போட முடியாது. அதே பாதையில் போய்த் திரும்பாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாததால்தான் அந்தப் பாதை பத்திரமானதுபோல் தோன்றுகிறது. சதுரங்கத்தில் வளர்ச்சிக் குருத்தெலும்புக்கு வேலை இல்லை, ஆகவே அதைத் தனியாக வைக்கிறேன். ஜிம்னாஸ்டிக்ஸ் சீக்கிரம் தொடங்க வேண்டிய விளையாட்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் சர்வதேசப் போட்டிக்கான பெண்களின் குறைந்தபட்ச வயதை 1997-இலேயே பதினாறாக்கிவிட்டார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயது கமிலா வலியேவா ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கித் தடுமாறியதை உலகமே பார்த்த பிறகு, பனிச்சறுக்கு நடனத்தில் வயது வரம்பைப் பதினேழாக உயர்த்த முடிவெடுத்தார்கள். சிறுவயதை நம்பி வாழ்ந்த விளையாட்டுகளே பின்வாங்குகின்றன.

உதாரணம்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், மிதவேகப் பந்தும் போட்டவர்; சுழலுக்கு வந்தது பிறகு. நடுவில் இன்ஜினியரிங்கும் படித்து முடித்தார். வருண் சக்கரவர்த்தி பள்ளிக்காலத்தில் விக்கெட் கீப்பர். கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, இருபத்தைந்து வயது வாக்கில் சுழற்பந்து வீச்சாளராகத் திரும்பி வந்தார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை ஆடியது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். நீரஜ் சோப்ராவை வீட்டில் மைதானத்துக்கு அனுப்பியது உடம்பு குறையட்டும் என்றுதான். ஈட்டியை அவர் கையில் எடுத்ததே பதின்மூன்று வயது வாக்கில். இவர்களில் யாரையும் ஏழு வயதில் யாரும் ஒரு பேட்ச்சில் அடைக்கவில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு. அதைத்தான் நான் மதிக்கிறேன். "ஓய்வு, விளையாட்டு மாற்றம் எல்லாம் வசதி உள்ளவங்க பேச்சு. எங்க பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் வழி. உழைக்காம எப்படி?" தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரி இடம் இருக்கிறது, ஓர் ஏழை வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று தெரியாமல் பேசக் கூடாது. ஆனால் அந்தக் கதவைத் திறப்பது பதினாறு, பதினெட்டு, இருபது வயதுச் சாதனை. எட்டு வயதில் வாங்கிய மாவட்டச் சர்டிபிகேட்டை அங்கே யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. காயத்தால் பதினான்கு வயதில் உட்கார்ந்துவிட்டால் அதிகம் இழப்பது யார்? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ.யும் பிசியோவும் மறு வாய்ப்பும் உண்டு. விளையாட்டு விடுதியில் தங்கி ஆடும் பிள்ளைக்கு அந்த விடுதி இடமே போய்விடும் என்ற பயம், வலியை வெளியே சொல்லவும் விடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்கப் பணம் எதுவும் செலவாவதில்லை; ஏழைப் பிள்ளைக்குத்தான் அது முதலில் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் சொன்னது: ஒரே விளையாட்டில் இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரம் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அதை விட்டு விலகியிருங்கள். படுத்துக்கிடக்கச் சொல்லவில்லை. ஷட்டில் ஆடுகிறவள் அந்த மாதம் நீந்தட்டும், கபடி ஆடட்டும், சைக்கிள் மிதிக்கட்டும். நம் ஊரில் நடப்பது என்ன? ஏழு வயதிலிருந்து முழுமூச்சாக முடுக்குகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும், "போதும், டென்த் முடியட்டும்" என்று நிறுத்துகிறோம். பிறகு பிளஸ் டூ, பிறகு நீட். எந்த வயதில் ஒரு பிள்ளை தன் விருப்பத்தில் ஒரு விளையாட்டைத் தேர்ந்து உழைக்கலாம் என்று மருத்துவம் சொல்கிறதோ, சரியாக அந்த வயதில் ராக்கெட்டைப் பரணில் போடுகிறோம். எட்டு வருடம் காலை நாலே முக்காலுக்கு எழுந்தது எதற்காக? இந்த வீட்டில் யாரும் பதக்கத்துக்காக எழவில்லை. பிள்ளையின் நேரம் எதனாலாவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற பதற்றத்துக்காக எழுந்தார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும்போது வாய் திறக்காத நாம்தான், அதே பிள்ளைக்குச் சாயங்காலம் காசு கொடுத்து ஓட்டம் வாங்குகிறோம்.

நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம், சென்னையைவிடச் சின்னது. அங்கே 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்கென்று விதிகள் இருக்கின்றன. பதினொரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் கூடாது; பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன் பட்டம் கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளைக்குப் பேச உரிமை உண்டு. அந்த நாடுதான் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் வாங்கியது, 2022-இல் 16 தங்கம் வாங்கியது. பனி இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆகவே ஜெயிக்கிறார்கள் என்று சொல்லலாம். பனியும் பணமும் உள்ள மற்ற நாடுகள் ஏன் பின்னால் நின்றன என்று பிறகு சொல்லுங்கள்.

இங்கே சதுரங்கத்தில் ஏழு வயதுக்குட்பட்டோருக்குத் தேசியப் போட்டி நடக்கிறது. மற்ற விளையாட்டுகளிலும் ஒன்பது, பதினொன்று என்று பிரிவுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பெற்றோரை மட்டும் திட்டுவது அநியாயம். பட்டம் இருந்தால் அதன் பின்னால் ஓடத்தான் செய்வார்கள். அந்தப் பட்டங்களை வைத்திருப்பவை சங்கங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே தரவரிசையையும் மாநிலச் சாம்பியன் பட்டத்தையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் கூடி ஆடிவிட்டுப் போகும் விழாவாக அதை மாற்ற எந்த ஸ்டேடியமும் கட்ட வேண்டாம். ஒரு செயற்குழுத் தீர்மானம் போதும். நுழைவுக் கட்டணம் போய்விடுமே என்பதுதான் தடை என்றால், சங்கங்கள் அதையே காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெற்றோருக்கு அனுப்பட்டும்.